'பிக் அப்'னு மெயில் வந்தா உடனே வண்டி புக் பண்ணாதீங்க: ஆபீஸ் வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு

மாங்கா சீசன்ல ஒரு திங்கட்கிழமை. காலைல எட்டு மணிக்கே பர்கூர் பக்கத்துல இருக்குற குடோன்ல இருந்து நாலு டிரம் பெங்களூரா ரக மாம்பழ பல்ப்ப (கூழ), ஒரு டிரம் 215 கிலோ, ஒரு பிக்கப் வண்டில ஏத்தி கிருஷ்ணகிரி மெயின் ரோட்டு ஆபீஸ் வாசலுக்குக் கொண்டாந்து நிறுத்திட்டேன். வெள்ளிக்கிழமை நெதர்லாந்து பையரோட பேசுன போன் பாதியில நின்னு போச்சு, அதுக்கப்புறம் அவர் போட்ட மெயில்ல ஒரே ஒரு வரி: "லெட்ஸ் பிக் திஸ் அப் ஆன் மண்டே." நான் என்ன புரிஞ்சுகிட்டேன்னா திங்கட்கிழமை சாம்பிள் எடுக்க ஆள் வராங்கன்னு.

பன்னெண்டு மணிக்கு டிரைவர் அண்ணன் பொறுக்க முடியாம கேட்டாரு, "யாரு தம்பி வராங்க?" "நெதர்லாந்து பார்ட்டிணா." "அங்க இருந்தா வண்டி ஓட்டிட்டு வராங்க?" அப்பதான் லேசா வயித்த கலக்குச்சு. மூணே முக்காலுக்கு அந்த ஆளே போன்ல வந்து "நீங்க ஏன் இன்னும் மீட்டிங்ல சேரல"ன்னு கேக்குறாரு. அவர் சொன்னது டிரம்ம இல்ல, பேச்ச. விட்ட எடத்துல இருந்து திங்கட்கிழமை பேசலாம், அவ்ளோதான். வண்டி வாடகை 1,800, ஏத்துக்கூலி 600, திரும்ப இறக்குக்கூலி 600, ஆக மொத்தம் மூவாயிரம் ரூபா ஒரே ஒரு சின்ன வார்த்தைக்கு. அதுல வண்டி வாடகை என் சம்பளத்துல பிடிச்சாங்க.

காரிமங்கலத்துல தமிழ் மீடியம் படிச்சு, பி.காம் முடிச்சு, எக்ஸ்போர்ட் செக்ஷன்ல உக்காந்த எனக்கு இந்த 'பிக் அப்' புரிய கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. ஓசூர், கிருஷ்ணகிரி, எலக்ட்ரானிக் சிட்டின்னு முதல் வேலைக்குப் போறவங்க இத வரிசையா செஞ்சா பத்துப் பன்னெண்டு நாள்ல முடிச்சிடலாம்.

1. முதல்ல நம்ம ஊரு பிக்கப்ப ஓரமா வெச்சிடுங்க

நமக்கு இந்த வார்த்தை புதுசு இல்ல, அதான் பிரச்சனையே. தக்காளி லோடு ஏத்துற வண்டி பிக்கப். தொப்பூர் ஏத்தத்துல வண்டி முக்குனா "பிக்கப் பத்தலடா"ன்னு சொல்றோம். கம்பெனி பஸ் நிக்கிற எடம் பிக்கப் பாயிண்ட். படம் ரெண்டாவது வாரம் கூட்டம் வந்தா "பிக்கப் ஆயிடுச்சு". இதுல முக்கால்வாசி பேர்ச்சொல், அதாவது ஒரு பொருளோட, எடத்தோட, சங்கதியோட பேரு. மெயில்ல நம்மள மாட்டி விடுறது வினைச்சொல், யாரோ ஏதோ செய்யறது.

பேர்ச்சொல்லா வந்தா சேர்த்தோ நடுவுல கோடு போட்டோ எழுதுவாங்க, வினையா வந்தா ரெண்டு தனித்தனி வார்த்தை, நடுவுல எடம் விட்டு. பேசும்போதும் வித்தியாசம் இருக்கு: பேர்ச்சொல்னா 'பிக்'ல அழுத்தம், வினைன்னா 'அப்'ல அழுத்தம். நடந்து முடிஞ்சதுன்னா 'பிக்ட் அப்'. ஆனா வெளிநாட்டுக்காரங்க வேகமா பேசுறப்ப அது 'பிக்டப்'னு ஒரே வார்த்தையா காதுல விழும், நான் ரொம்ப நாள் அது ஏதோ வேற வார்த்தைன்னு நெனச்சிகிட்டு இருந்தேன்.

2. நடுவுல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க

இந்த ஒரு ஸ்டெப் மட்டும் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா மூவாயிரம் மிச்சம்.

'பிக்', 'அப்' ரெண்டும் ரயில் பெட்டி மாதிரி கழட்டி மாட்டலாம். நடுவுலயோ பின்னாடியோ வர்ற ஆளு, பொருளு எதுவோ அதுதான் அர்த்தத்த முடிவு பண்ணுது. ஆள் வந்தா கூட்டிட்டுப் போறது. பார்சல் வந்தா வாங்கிட்டுப் போறது. பில் வந்தா காசு கட்டுறது. பாஷை வந்தா கத்துக்கிறது. 'திஸ்'னு மொட்டையா வந்தா, அதுக்கு முன்னாடி என்ன பேசிகிட்டு இருந்தோம்னு பழைய மெயில்களப் பாருங்க. என் மெயில் செயின்ல அதுக்கு முன்னாடி இருந்தது விலை பத்தின பேச்சு. டிரம்மப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

இலக்கணமா ஒண்ணே ஒண்ணு மனப்பாடம் பண்ணுங்க. மீ, யூ, ஹிம், ஹெர், இட், தெம், இந்த மாதிரி குட்டி வார்த்தைங்க கண்டிப்பா நடுவுலதான் உக்காரணும். "பிக் மீ அப் அட் சிக்ஸ்" சரி, "பிக் அப் மீ" தப்பு. சாவி, பார்சல் மாதிரி சாதா பேரு எங்க வேணாலும் வரலாம், "பிக் அப் த கீ", "பிக் த கீ அப்" ரெண்டும் ஓகே. ஆனா நேத்து ஓசூர்ல இருந்து வந்த பார்சல்னு நீளமா இழுத்தா அத பின்னாடியே போடுங்க, நடுவுல திணிச்சா 'அப்' வர்றதுக்குள்ள கேக்குறவன் தூங்கிடுவான்.

3. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு தமிழ் வினை எழுதுங்க, 'எடு'ன்னு மட்டும் எழுதாதீங்க

தர்மபுரில ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல மூணு மாசத்துக்கு 4,500 ரூபா கட்டிப் போனேன், சாயங்காலம் ஆறுல இருந்து ஏழரை. அங்க இருநூறு வார்த்தைய ஜெராக்ஸ் போட்டுக் குடுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு அர்த்தம். பிக் அப், தூக்கு. முடிஞ்சது கதை. அந்த ஜெராக்ஸ நம்பி எதுவும் செய்யாதீங்க. நான் என் நோட்டுல எழுதுனது இப்படி:

கீழ கிடக்குறத குனிஞ்சு எடுக்குறது. இதுதான் மூலம், ஜெராக்ஸ்ல இருந்ததும் இது ஒண்ணுதான். பேனா விழுந்துச்சு, பிக் இட் அப்.

கூட்டிட்டுப் போறது, வண்டில ஏத்திக்கிறது. "த கேப் வில் பிக் யூ அப் ஃப்ரம் த டோல்கேட்." நைட் ஷிஃப்ட்டுக்கு எலக்ட்ரானிக் சிட்டி போறவங்களுக்கு முதல் நாளே இந்த மெசேஜ் வரும். இதுல எந்த எடம், எத்தன மணி ரெண்டையும் பாருங்க, கிருஷ்ணகிரி டோல்கேட்னா எந்தப் பக்கம்னு கேட்டு வாங்கிடுங்க, எதிர்ப்பக்கம் நின்னு வண்டிய விட்டவங்கள எனக்குத் தெரியும்.

போய் வாங்கிக்கிறது. "பிக் அப் யுவர் ஐடி கார்டு ஃப்ரம் செக்யூரிட்டி." இங்க நீங்கதான் போகணும், யாரும் கொண்டாந்து குடுக்க மாட்டாங்க. ஆதார் ஒரிஜினல், ஆஃபர் லெட்டர் பிரிண்ட், ரெண்டு போட்டோ கைல இருக்கட்டும்.

காசு குடுத்து வாங்கிட்டு வர்றது. இது தனி. எங்க மேனேஜர் ஒரு தடவ "ஆடிட்டர்ஸ் வராங்க, பிக் அப் சம் ஸ்வீட்ஸ் ஆன் யுவர் வே"ன்னு சொன்னாரு, நான் வழில ஏதோ ஒரு கடைல ஏற்கனவே ஆர்டர் குடுத்து வெச்சிருக்காருன்னு நெனச்சு "எந்த கடைல சார்"னு கேட்டேன். "எந்த கடையா இருந்தா என்னப்பா"ன்னாரு. நம்ம காசுல வாங்கிட்டுப் போயி பில்லக் குடுத்து அப்புறம் வாங்கிக்கணும். பில் வாங்க மறக்காதீங்க.

செலவ ஏத்துக்கிறது. எக்ஸ்போர்ட், பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ்ல இருக்குறவங்க இத சிவப்பு மைல எழுதுங்க. பில், காஸ்ட், டேப் (இதுவும் பில்லுதான்), இந்த மாதிரி காசு சம்பந்தப்பட்ட வார்த்தை பின்னாடி வந்தா, பிக் அப்புக்கு முன்னாடி யாரு பேரு இருக்கோ அவங்கதான் அந்தக் காச கட்டணும்னு அர்த்தம். "யூ வில் பிக் அப் த டெமரேஜ்"னு வந்தா கன்டெய்னர் போர்ட்ல லேட்டா நின்னதுக்கு உண்டான தண்டத்த நம்ம தலைல கட்டுறாங்கன்னு அர்த்தம். அதுக்கு "ஓகே சார், நோட்டட்"னு பதில் போட்டீங்கன்னா ஒத்துகிட்ட மாதிரி. நான் போடப் போனேன், பக்கத்து சீட்டு அக்கா பிடிச்சு நிறுத்துனாங்க.

தானா கத்துக்கிறது. ஓசூர் மளிகைக் கடைல பாருங்க, கல்லாவுல இருக்குறவர் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தின்னு ஆளுக்கேத்த மாதிரி மாத்திப் பேசுவாரு. எந்த கிளாசுக்கும் போகல, காதுல விழுந்து விழுந்து வந்தது. "ஹீ பிக்ட் அப் கன்னடா." இன்டர்வியூல "எக்செல் எங்க கத்துகிட்ட"ன்னு கேட்டா, "ஐ பிக்ட் இட் அப் அட் ஒர்க்"னு சொல்லலாம், நல்லா எடுபடும். சர்டிஃபிகேட் வாங்கிப் படிச்சதுக்கு இத சொல்லாதீங்க, அதுக்கு 'லேர்ன்ட்', 'ஸ்டடீட்' இருக்கு.

தொத்திக்கிறது. சளி, இருமல், கெட்ட பழக்கம். "ஐ பிக்ட் அப் எ கோல்டு."

சிக்குறது, அகப்படுறது. அஞ்செட்டிப் பக்கம் காட்டுக்குள்ள போன் சிக்னல பிக் அப் பண்ணாது. தேன்கனிக்கோட்டைல காட்டுக்குள்ள கட்டுன கேமரா ராத்திரி யானைய பிக் அப் பண்ணும், அதாவது பதிவாயிடும். கேமரா போய் யானைய தூக்கல.

போலீஸ் பிடிச்சிட்டுப் போறதும் இதே வார்த்தைதான். இங்கிலீஷ் பேப்பர்ல "போலீஸ் பிக்ட் அப் டூ மென்"னு படிச்சா லிஃப்ட் குடுத்தாங்கன்னு நெனச்சிடாதீங்க.

4. பின்னாடி எதுவுமே இல்லன்னா

நடுவுலயும் இல்ல, பின்னாடியும் இல்லன்னா ரெண்டு சமாச்சாரம்தான் அதிகம் வரும். ஒண்ணு, போன் எடுக்குறது: "ஐ கால்டு, ஹீ டிட்ன்ட் பிக் அப்." இன்னொண்ணு, சூடு பிடிக்கிறது, ஏறுறது: "சேல்ஸ் ஆர் பிக்கிங் அப்." ஜூன்ல மாங்கா வரத்து ஏறுனா ஃபேக்டரி பிக் அப் ஆகுது. காத்தும் பிக் அப் ஆகும். வண்டி வேகம் எடுக்குறதுக்கு மட்டும் 'பிக் அப் ஸ்பீட்'னு ஸ்பீட சேர்த்துச் சொல்லுவாங்க.

5. மூணாவதா ஒரு வார்த்தை ஒட்டிகிட்டா

'பிக் அப் ஆன்'னா ஒருத்தர் வாய விட்டு சொல்லாதத நாமளே மோப்பம் பிடிக்கிறது. கஸ்டமர் குரல்லயே கோவம் தெரியுது, நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க, "ஐ பிக்ட் அப் ஆன் இட்." மீட்டிங்ல "கேன் ஐ பிக் அப் ஆன் தட்"னா நீங்க சொன்னத பிடிச்சுகிட்டு நானும் ஒண்ணு சொல்றேன்னு அர்த்தம். 'பிக் அப் ஆஃப்டர்'னா ஒருத்தர் போட்டுட்டுப் போன குப்பைய பின்னாடியே போய் பொறுக்குறது, எங்க வீட்ல எங்கம்மா எனக்கு செய்யறது.

'பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்', விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கிறது. என் நெதர்லாந்து ஆளு இத முழுசா எழுதியிருந்தா கூட நான் தப்பிச்சிருப்பேன், அவர் சுருக்கிட்டாரு.

மேல சொன்ன அர்த்தத்துல 'பிக் அப் ஆன்', 'பிக் அப் ஆஃப்டர்' ரெண்டுக்கும் நடுவுல எதையும் சொருகாதீங்க, இது வெல்டிங் வெச்சது.

6. நாம தப்பா சொல்ற மூணு

"ஐ வில் பிக் யூ." 'அப்' போச்சுன்னா அர்த்தமே மாறிடும், உன்ன தேர்ந்தெடுக்குறேன்னு ஆயிடும். பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஆளுக்கு இத அனுப்பாதீங்க.

"பிக் மை கால்." நம்ம நாட்டுக்குள்ள ஓடும், வெளிநாட்டு ஆளுக்கு இடிக்கும். 'ஆன்சர் மை கால்', இல்ல 'பிக் அப் த போன்'.

"பிக் அண்ட் டிராப்." இதுவும் நம்ம பக்கம்தான் ஓடும். பிக் அப் அண்ட் டிராப் ஆஃப்னு முழுசா எழுதுங்க.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, முன்னபின்ன தெரியாத ஒருத்தர பேசி மயக்கப் பாக்குறதுக்கும் 'பிக் அப்'னு அர்த்தம் இருக்கு. கூட வேலை பாக்குற பொண்ண கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்புனா, "ஐ பிக்ட் ஹெர் அப் ஃப்ரம் த பஸ் ஸ்டாண்ட் ஃபார் த மீட்டிங்"னு எதுக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க, சிரிப்பு கம்மியா வரும்.

'பிக் ஆன்' வேற சாதி, வேணும்னே சீண்டுறது. 'பிக் அவுட்'னா பொறுக்கி எடுக்குறது. கூட்டத்துல கலந்துடும், நோட்டுல வேற பக்கத்துல எழுதுங்க.

7. மெயில் வந்தா என்ன செய்யணும், எந்த பேப்பர பாக்கணும்

முதல்ல மெயில் செயின முழுசா கீழ இருந்து மேல படிங்க, கடைசி மெயில மட்டும் படிச்சு ஓடாதீங்க.

ரெண்டாவது, பர்ச்சேஸ் ஆர்டர எடுத்து டெலிவரி டெர்ம் என்னன்னு பாருங்க. 'எக்ஸ் ஒர்க்ஸ்'னு இருந்தா பையரே வண்டி அனுப்பி நம்ம கேட்ல சரக்க எடுக்கணும், அங்க பிக் அப்னா நிஜமான பிக் அப். 'எஃப்ஓபி'ன்னு இருந்தா போர்ட்ல கப்பல் ஏத்துற வரைக்கும் நம்ம பொறுப்பு, பையர் வண்டி கிருஷ்ணகிரிக்கு வர வேலையே இல்ல. என் ஆர்டர் எஃப்ஓபி சென்னை. பேப்பர் என் டேபிள்லயேதான் இருந்துச்சு, திறந்து பாக்கல.

மூணாவது, சந்தேகம் இருந்தா கேட்டுடுங்க, கேட்டா இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சிடுவாங்கன்னு நானும் பயந்தேன். "ஜஸ்ட் டு கன்ஃபர்ம், டு யூ மீன் த கால் ஆர் த சாம்பிள்ஸ்?" இந்த ஒரு வரி போதும், இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் போடுறேன், யாரும் ஒண்ணும் நெனக்கல.

நாலாவது, பதில் வர்ற வரைக்கும் வண்டி புக் பண்ணாதீங்க, கேட் பாஸ், டெலிவரி சலான் போடாதீங்க. அவசரப்பட்டு இ-வே பில் (சரக்கு ரோட்ல போறதுக்கு ஜிஎஸ்டில ஆன்லைனா எடுக்குற பில்) போட்டு சரக்கு கிளம்பலன்னா 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணணும், அதுக்கு மேல சிஸ்டம் விடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டுட்டு திங்கட்கிழமை முழிச்சா ஒண்ணும் பண்ண முடியாது.

நேரத்தையும் கணக்குல வெச்சுக்குங்க. நெதர்லாந்து நமக்கு அவங்க வெயில் காலத்துல மூணரை மணி நேரம், குளிர் காலத்துல நாலரை மணி நேரம் பின்னாடி. திங்கட்கிழமை காலைல ஒம்பதுன்னு அவங்க சொன்னா சீசன் டைம்ல நமக்கு மதியம் பன்னெண்டரை. பதிலும் நாம மதிய சாப்பாட்டுக்குப் போறப்பதான் வரும்.

8. செலவு, நாள் கணக்கு

ஒரு நூறு பக்க நோட்டு, நான் வாங்குனப்ப 45 ரூபா. வேற செலவே இல்ல. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூணு லேர்னர் டிக்ஷனரியும் நெட்ல இலவசம், உச்சரிப்பும் கேக்கலாம். இங்கிலீஷ்-தமிழ் ஆப்ல தேடாதீங்க, பாதி ஆப்ல அந்த ஜெராக்ஸ் பேப்பர்தான் இருக்கு. டிக்ஷனரில பிக்குக்கும் அப்புக்கும் நடுவுல 'எஸ்பி', 'எஸ்டிஹெச்'னு சுருக்கமா போட்டிருந்தா பயந்துடாதீங்க, நான் முதல் நாள் எஸ்பின்னா போலீஸ் எஸ்பின்னு நெனச்சேன், அது 'சம்படி', 'சம்திங்'. ஆள் வரலாம், பொருள் வரலாம்னு சொல்றாங்க. ரெண்டாவது ஸ்டெப்ல சொன்னது அதேதான்.

ஒரு நாளைக்கு ஒரு அர்த்தம், இருபது நிமிஷம். இடது பக்கம் டிக்ஷனரி வாக்கியம், வலது பக்கம் உங்க ஊர வெச்சு உங்க வாக்கியம். பாலக்கோட்டுக்காரங்க தக்காளி மண்டிய வெச்சு எழுதுங்க, ராயக்கோட்டைக்காரங்க பூவ வெச்சு எழுதுங்க, சொந்தமா எழுதுனாதான் நிக்குது. பத்து நாள் ஆகும். கடைசி ரெண்டு நாள் உங்க பழைய மெயில்ல 'பிக் அப்'னு தேடி, வர்றது ஒவ்வொண்ணுக்கும் தமிழ் வினைய எழுதிப் பாருங்க.

மெயில் இன்னும் வராதவங்க இந்த நாலு வச்சு பழகலாம். "ஷீ பிக்ட் அப் த போன்", எடுத்தாங்க. "டிமாண்ட் வில் பிக் அப் ஆஃப்டர் ஜூன்", ஏறும். "லெட்ஸ் பிக் திஸ் அப் ஆஃப்டர் லஞ்ச்", சாப்டுட்டு பேச்ச தொடரலாம், டிபன் பாக்ஸ தூக்க வேணாம். "வில் யூ பிக் அப் த ஃப்ரெய்ட்?" இதுல ஃப்ரெய்ட்னா வாடகையும் ஆகும், சரக்கும் ஆகும், லாரி வாடகைய கட்டுவியான்னும் கேக்கலாம், சரக்க வந்து ஏத்துவியான்னும் கேக்கலாம். இதுக்கு டிக்ஷனரி உதவாது, ஏழாவது ஸ்டெப்ல இருக்குற அந்த ஒரு வரிய டைப் பண்ணி அனுப்பிடுங்க.